வீட்டு லேத்துக்கு மலிவு டிஜிட்டல் ஸ்கேல்: போடிப் பக்கத்துப் பட்டறைகளுக்குச் சில குறிப்புகள்

போடிநாயக்கனூரில் மில்லிமீட்டர்தான் விலை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வரும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிக்கிறார்கள். எட்டுக்கு மேற்பட்ட காய்க்குத் தனி மதிப்பு. அந்தக் காயை உலர்த்தும் டிரையரின் புளோயர் ஷாஃப்ட்டோ, தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பின் புஷ்ஷோ தேய்ந்தால் லேத் பட்டறைக்குத்தான் வர வேண்டும். அங்கே பேச்சு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தினமும் லேத் ஓட்டும் டர்னருக்குக் கையே கணக்கு. வீட்டுக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றை வைத்து, ஓய்வு நாளில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவர் லேத்தில் ஸ்க்ரூவும் தேய்ந்திருக்கும், டயலில் கோடும் பாதி அழிந்திருக்கும். அவருக்குத்தான் மலிவு டிஜிட்டல் ஸ்கேல் பெரிய உதவி. பெரிய பட்டறைகளில் வைக்கும் டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீடவுட்) செட்டின் விலையில் சிறு பங்கிலேயே வேலை முடிந்துவிடும்.

1. ஸ்கேல் காட்டுவது ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும்தான். ஜாப் என்ன விட்டத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. டூல் முனை தேய்ந்தாலும், மெல்லிய ஷாஃப்ட் வெட்டும்போது வளைந்து ஒதுங்கினாலும் அதே எண்தான் ஓடும். ஆகவே கடைசி அளவை எப்போதும் மைக்ரோமீட்டரில் எடுங்கள். திரையில் 0.01 மி.மீ. வரை எண் தெரியும். ஆனால் மலிவு ஸ்கேலை 150 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.03 மி.மீ. வரைதான் நம்பலாம். விட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பதில் மட்டும் இவை மிக நன்றாக வேலை செய்கின்றன. லேத்தில் அன்றாடம் தேவைப்படுவதும் அதுதான்.

2. முதல் ஸ்கேலை டெயில்ஸ்டாக்கில் மாட்டுங்கள். எல்லோருக்கும் கிராஸ் ஸ்லைடில்தான் கண் போகும். டெயில்ஸ்டாக்கில் இடம் தாராளம், இரும்புச் சுருள் அவ்வளவாக வந்து விழாது, கொஞ்சம் கோணலாக மாட்டினாலும் நட்டமில்லை. புஷ்ஷில் எவ்வளவு ஆழம் டிரில் போயிருக்கிறது என்று கை நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டிய தொல்லை அன்றோடு தீரும். மாட்டும் வேலையும் பழகிவிடும்.

3. வாங்கும் முன் ஸ்லைடின் முழு ஓட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேலில் எண் ஓடும் தலைக்கே ஐந்தாறு சென்டிமீட்டர் இடம் போகும். ஓட்டம் 150 மி.மீ. என்றால் 150 மி.மீ. ஸ்கேல் போதும்போலத் தோன்றும். இரு முனையிலும் கொஞ்சம் மிச்சம் இல்லாவிட்டால் ஒருநாள் ஹேண்டிலைச் சுற்றும் வேகத்தில் தலை முட்டி உடையும். அடுத்த பெரிய அளவையே வாங்குங்கள். கேரேஜுக்கு முழு பெட் நீளத்துக்கும் ஸ்கேல் தேவையில்லை. சக்கை ஒட்டிய 300 மி.மீ. போதும், வீட்டு லேத்தில் வேலை பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கிறது.

4. இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, சாதாரண டிஜிட்டல் வெர்னியரை வாங்கி, தாடைகளை அறுத்து எடுத்துவிட்டுப் பொருத்துவது. இன்னொன்று, மெஷினில் மாட்டுவதற்கென்றே இரு முனையிலும் துளையோடு வரும் பட்டை ஸ்கேல். விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன். மாட்ட எளிது, சிலவற்றில் ஒயரில் இணைத்த தனித் திரையும் வரும். பிளாஸ்டிக் உடம்பு வெர்னியர் வேண்டாம். அதில் பல 0.1 மி.மீ. வரைதான் காட்டும், பட்டையும் வளையும்.

இன்னொரு விஷயம். லேத்தின் பின்பக்கம் மாட்டினால் எண் தலைகீழாகத் தெரியும். கடையிலேயே ஸ்கேலைக் கையில் பிடித்து, நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து எப்படித் தெரியும் என்று திருப்பிப் பாருங்கள்.

5. வெர்னியரைத்தான் வெட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் தலையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பட்டை கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் எஃகு. ஹாக்ஸா பிளேடு வழுக்கும். கட்டிங் வீலில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, அடிக்கடி ஈரத்துணியால் சூட்டைத் தணியுங்கள். சூடு ஏறினால் பட்டைமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் அதன் அடியிலுள்ள செப்புக் கோட்டுத் தகடும் பெயர்ந்துவிடும். ஸ்கேலுக்கு உயிரே அந்தக் கோடுகள்தான், அந்தப் பகுதியில் துளை போடக் கூடாது. துளை போடுவதைக் காட்டிலும் இரண்டு அலுமினியத் துண்டுகளுக்கு நடுவே பட்டையின் முனையை இறுக்கிப் பிடிப்பது எளிது.

6. ஸ்கேல் மாட்டும் முன் கிப்பை இறுக்குங்கள். ஸ்லைடில் ஆட்டம் இருந்தால் ஸ்கேல் அதை மறைக்காது. சில சமயம் பெரிதாக்கியே காட்டும். வெட்டும் முனைக்கும் ஸ்கேலுக்கும் 100 மி.மீ. இடைவெளி இருந்து, ஸ்லைடு ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே 0.03 மி.மீ. பிசகு வந்துவிடும். அளக்கும் கோடும் அளக்கப்படும் பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் எழுதினார். லேத்தில் அது முழுமையாக வாய்க்காது, ஆனால் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு அருகில் மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

7. பட்டை ஸ்லைடுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் சிலர் டயல் கேஜ் வைத்து அரைநாள் போராடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. கோணலாக இருந்தாலும் அளவில் வரும் பிசகு 0.005 மி.மீ. மட்டுமே. கோணலின் உண்மையான கெடுதி வேறு. தலை பட்டையில் சிக்கி இழுபடும், நாளடைவில் தேயும்.

அதற்கு வழி, பட்டையை லேத்தின் உடம்பில் கெட்டியாகப் பிடித்துவிட்டு, தலையை ஸ்லைடோடு இணைக்கும் துண்டை மட்டும் மெல்லிய ஸ்பிரிங் தகடாக வைப்பது. நகரும் திசையில் தகடு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மேல் கீழாகக் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். பழைய ஹாக்ஸா பிளேடில் பல்லை அரைத்து எடுத்துவிட்டால் அருமையான தகடு கிடைக்கும்.

8. கிராஸ் ஸ்லைடு 1 மி.மீ. உள்ளே போனால் ஜாப்பின் விட்டம் 2 மி.மீ. குறையும். விட்டமாகவே காட்டும் வசதி சில ஸ்கேலில் உண்டு. உங்கள் ஸ்கேல் எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்து, திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

அளவு எடுக்கும் முறை இது. லேசாக ஒரு வெட்டு ஓட்டுங்கள். கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் கேரேஜை மட்டும் விலக்கி, மோட்டாரை நிறுத்தி, மைக்ரோமீட்டரில் அளங்கள். 26.40 மி.மீ. வந்தது, 25.00 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1.40, ஸ்லைடு போக வேண்டியது 0.70. அந்த இடத்தில் ஸ்கேலைப் பூஜ்யம் ஆக்கி, முதலில் 0.50 மட்டும் கொடுத்து வெட்டி, மறுபடி அளங்கள். 25.40-க்குப் பதில் 25.43 வந்தால், டூலும் ஜாப்பும் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்று தெரிந்துவிடும். மீதியை அதற்கேற்பக் கொடுக்கலாம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு ஸ்கேலைக் குறை சொல்வதில் பயனில்லை.

9. ஈரம். மலையடிவாரத்தில் எந்தக் குறிப்பை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மலிவு ஸ்கேல் மின்தேக்க முறையில் வேலை செய்வது. பட்டையில் ஒரு வரிசை செப்புக் கோடுகள், தலையின் அடியில் இன்னொரு வரிசை, நடுவே மயிரிழை இடைவெளி. தலை நகர நகர இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கம் கூடிக் குறைவதை எண்ணித்தான் ஸ்கேல் தூரத்தைச் சொல்கிறது. மின்தேக்கத்தைக் கூட்டுவதில் தண்ணீர் காற்றைப்போல் சுமார் 80 மடங்கு வல்லது. அந்த மயிரிழை இடைவெளியில் ஈரப் படலம் புகுந்தால் எண் துள்ளும், ஓடும், சில சமயம் ஒரேயடியாக உறைந்து நிற்கும்.

போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே லேத் வைத்திருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க இந்தத் தொல்லை இருக்கும். கீழே போடியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும். காலையில் லேத் குளிர்ந்து கிடக்கும்போது கதவைத் திறந்தால், ஈரக்காற்று பட்டு இரும்பெல்லாம் வியர்க்கும். அந்த நேரத்தில் ஸ்கேல் காட்டும் எதையும் நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியவை: லேத்தைத் தார்ப்பாயால் இறுக மூடாமல் பருத்தித் துணியால் மூடுங்கள். துணிக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டால் இரும்பு காற்றைவிடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும், வியர்க்காது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பின் பக்கத்தில் எண்ணெய்த் துணியோ இழையோ இருக்கக் கூடாது. கூண்டு போட்ட பல்பாக, துணி மேலே படாமல் வையுங்கள். ஈரம் புகுந்துவிட்டால் செல்லைக் கழற்றி, தலையைப் பிரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள்.

10. பால்போல் கலக்கும் தண்ணீர்க் கூலன்ட்டை ஸ்கேல் மாட்டிய வீட்டு லேத்தில் ஊற்றாதீர்கள். தூரிகையால் கட்டிங் ஆயிலைத் தொட்டுத் தொட்டு வைத்தாலே வீட்டு வேலைக்குப் போதும். பட்டைக்கு மேல் ஒரு அலுமினிய எல் ஆங்கிளைக் கூரையாக வைத்து, கீழ் விளிம்பில் பழைய ஜீப் டியூபின் ரப்பர்த் துண்டை ஒட்டிவிட்டால் சுருளும் எண்ணெயும் உள்ளே போகாது. இது கிராஸ் ஸ்லைடு ஸ்கேலுக்குக் கட்டாயம்.

11. எண் மினுக்கினாலோ தானாக மாறினாலோ முதலில் செல்லைப் பாருங்கள். வெர்னியரில் போடும் பொத்தான் செல்லில் எல்.ஆர்.44 மலிவு, வோல்டேஜ் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். எஸ்.ஆர்.44 வெள்ளி ஆக்சைடு செல் கடைசிவரை ஏறத்தாழ ஒரே வோல்டேஜ் தரும். இந்த ஸ்கேல்கள் பலவும் திரையை அணைத்த பிறகும் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவர் வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைப்பது நல்லது.

இதைவிட நல்ல வழியும் உண்டு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு ஹோல்டரில் வைத்து, இரண்டு ஒயர் இழுத்துப் பொத்தான் செல்லின் இடத்தில் இணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஓடும். மொபைல் சார்ஜரிலிருந்து கொடுக்க நினைப்பவர்கள் 5 வோல்ட்டை நேரே கொடுத்துவிடக் கூடாது. எல்.எம்.317 ஐ.சி.யில் 120 ஓம், 24 ஓம் ரெசிஸ்டர்கள் போட்டால் ஒன்றரை வோல்ட் கிடைக்கும். பல சீன ஸ்கேலில் செல்லின் பாசிட்டிவ் முனை உலோக உடம்போடு சேர்ந்திருக்கும். சார்ஜர் வழி கொடுக்கும்போது இதனால் குழப்பம் வரும். ஸ்கேல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செல் வைத்தால் அந்தக் கவலையே இல்லை.

12. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது எண் தாவினால் லேத்தின் எர்த்தைச் சோதியுங்கள். ஸ்கேலுக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை அது.

13. பழைய அங்குல லேத் வைத்திருப்பவருக்கு ஸ்கேல் இன்னொரு வேலையும் செய்யும். டயலில் ஒரு கோடு 0.001 அங்குலம் என்றால் 0.0254 மி.மீ.; ஒவ்வொரு தடவையும் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஸ்கேலில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் பட்டறைக்கு வருகிறவர் நூல் கணக்கில்தான் பேசுவார். “அண்ணே, ஒண்ணேகால் இஞ்சுக்கு ஒரு நூல் கம்மியா வேணும்” என்பார். அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. அவர் கேட்டது 28.575 மி.மீ. ஒரு நூலிலிருந்து எட்டு நூல் வரை மில்லிமீட்டரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

14. வாங்கிய ஸ்கேல் சரியாக எண்ணுகிறதா என்று சோதிக்க ஸ்லிப் கேஜ் வாங்க வேண்டியதில்லை. புதிய 6205 பேரிங் ஒன்று போதும். அதன் வெளிவிட்டம் 52 மி.மீ.; நல்ல கம்பெனி பேரிங்கில் அதிகபட்சம் 0.013 மி.மீ. குறையலாம், கூடாது. முதலில் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் இதில் சரிபாருங்கள். பிறகு ஸ்கேலுக்கு எதிரே டயல் கேஜ் வைத்து, அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நகர்த்திப் படியுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் போதாது. செப்புக் கோட்டு வரிசை சுமார் 5 மி.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருவதால், பிசகும் அந்த 5 மி.மீ.க்குள் ஏறி இறங்கும். இரண்டு முனையும் சரியாக இருந்து நடுவில் 0.02 தவறுவது அப்படித்தான்.

15. பேரிங் உட்காரும் இடம் கடைய மலிவு ஸ்கேல் தனியாகப் போதாது. 6205-இன் உள்விட்டம் 25 மி.மீ. சுழலும் ஷாஃப்ட்டில் அது இறுக்கமாக நிற்க வேண்டுமானால் ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஸ்கேலின் பிசகு அந்த இடைவெளியைவிடப் பெரிது.

இதற்கு டர்னர்களிடம் ஒரு பழைய உத்தி இருக்கிறது, ஸ்கேலோடு சேர்த்தால் பிரமாதமாக வேலை செய்யும். காம்பவுண்டு ஸ்லைடை பெட்டுக்கு இணையாக வைத்து, அங்கிருந்து 5 டிகிரி 44 நிமிடம் திருப்புங்கள். இப்போது காம்பவுண்டு 0.10 மி.மீ. முன்னே போனால் டூல் ஜாப்புக்குள் 0.01 மி.மீ. மட்டுமே போகும். டிகிரிக் கோட்டை வைத்து 44 நிமிடத்தைப் பிடிக்க முடியாது. சக்கில் சீராகக் கடைந்த ஒரு ராடைப் பிடித்து, டூல் போஸ்ட்டில் டயல் கேஜை மாட்டி, காம்பவுண்டு ஸ்கேல் 10.00 மி.மீ. நகரும்போது கேஜ் 1.00 காட்டும்வரை தட்டித் தட்டித் திருப்புங்கள். ஷாஃப்ட் 25.10-இல் நிற்கிறது, 25.01 வேண்டும் என்றால், விட்டத்தில் 0.09, டூல் போக வேண்டியது 0.045, காம்பவுண்டு ஸ்கேலில் 0.45. மலிவு ஸ்கேலின் 0.03 பிசகு இங்கே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

16. சூடான ஜாப்பை அளக்காதீர்கள். 50 மி.மீ. எஃகு, அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடியிருந்தால் 0.02 மி.மீ.க்கு மேல் பெருத்திருக்கும். அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு.

போடியில் கடைந்து மலைக்கு அனுப்பும் உதிரிக்கு இன்னொன்றையும் பாருங்கள். கீழே 36 டிகிரி, மேலே 18 டிகிரி என்றாலும் எஃகு ஷாஃப்ட்டும் எஃகு பேரிங்கும் ஒன்றாகச் சுருங்குவதால் கவலையில்லை. அலுமினிய ஹவுசிங்கில் 52 மி.மீ. துளை மட்டும் பேரிங்கைவிட 0.01 மி.மீ. கூடுதலாகச் சுருங்கும். கீழே சுகமாக உள்ளே போன பேரிங் மேலே போய் இறுகும். கடையும்போதே அதற்கு இடம் விடுங்கள்.

17. ஸ்கேல் வந்துவிட்டால் பேக்லாஷ் பற்றிய கணக்கு வேண்டாம் என்பது உண்மை, எண் ஸ்லைடிலிருந்தே வருகிறது. ஆனால் பேக்லாஷ் போய்விடவில்லை. வெட்டும் விசை தளர்ந்த ஸ்லைடை இழுத்துக்கொண்டு போகும். எண்ணைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்றுப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வந்தே நிறுத்துங்கள். முகம் கடையும்போது கேரேஜைப் பூட்டுங்கள்.

18. மரை வெட்டும்போது ஆழத்துக்கு மட்டும் ஸ்கேலைப் பாருங்கள். எம்10, 1.5 பிட்ச் என்றால் ஆழம் 0.92 மி.மீ. பிட்ச்சைத் தருவது கியரும் லீட் ஸ்க்ரூவும்.

19. சுழலும் சக்குக்கு மேல் எட்டிப் பார்த்துப் படிக்கும்படி எந்தத் திரையும் இருக்கக் கூடாது. திரை அப்படித்தான் அமைகிறது என்றால் ஸ்கேலின் இடத்தை மாற்றுங்கள். துண்டு, தொளதொள சட்டைக் கை, கையுறை எதுவும் லேத் பக்கம் வேண்டாம்.

20. தினமும் ஓட்டத் தொடங்கிவிட்டாலோ, ஈரத்தோடு போராடி அலுத்துவிட்டாலோ காந்தப் பட்டை ஸ்கேலுக்கு மாறுங்கள். தண்ணீரும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது. இரும்புத் தூளை மட்டும் அடிக்கடி துடைத்தெடுக்க வேண்டும். மலைமேல் ஸ்டோரில் லேத் வைத்திருப்பவர் முதலிலேயே இதை வாங்கிவிடலாம். கீழே வீட்டில் வைத்திருப்பவர், கிராஸ் ஸ்லைடுக்கு மட்டும் காந்த ஸ்கேல் போட்டு, டெயில்ஸ்டாக்குக்கும் கேரேஜுக்கும் மலிவு ஸ்கேலையே வைத்துக்கொள்ளலாம்.